மீட்டர் லைட் எரியவில்லையா? முதலில் மீட்டரைக் கழற்றாதீர்கள்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். காருக்கு 25 வயதுக்கு மேல் ஆகிறது. இரவில் ஹெட்லைட் போட்டால் மீட்டரின் (ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் இருக்கும் பலகை) இடது பாதி இருட்டு, வலது பாதி மின்மினி அளவுக்குத்தான் வெளிச்சம். டேஷ்போர்டின் தலையில் ஒரு தட்டு தட்டினால் சில நாள் நன்றாக எரிகிறது, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது. பல்பு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எல்இடி போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. பெரும்பாலும் ஆகாது. தட்டினால் எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. இழை அறுந்த பல்பு எப்போதாவது ஒரு குலுக்கலில் ஒட்டிக்கொண்டு எரியும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் முழுவதும் சேர்ந்து அணைவதும், தட்டினால் சேர்ந்து வருவதும், மிச்சம் இருப்பது மங்கலாக எரிவதும் பல்பு செய்கிற வேலை இல்லை. எங்கோ ஒரு கான்டாக்ட் லூஸாக இருக்கிறது, அல்லது களிம்பு ஏறியிருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் புது பல்பு போட்டால், அதே கெட்ட கான்டாக்ட்டில்தான் அதுவும் போய் உட்காரும்.

கரண்ட் எந்த வழியாக வருகிறது என்பதை ஒரு தடவை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து லைட் சுவிட்ச். சுவிட்சைப் பார்க்கிங் லைட் நிலைக்குத் திருப்பியதும் அங்கிருந்து ஒரு ஃப்யூஸ். பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர். அதற்கப்புறம் மீட்டருக்குப் பின்னால் ஒயர்க் கட்டைச் செருகும் கப்ளர், மீட்டரின் உள்ளே செப்புத் தடம் ஓடுகிற பிளாஸ்டிக் தாள், பல்பு ஹோல்டர், பல்பு, கடைசியில் எர்த், அதாவது காரின் உலோக உடம்பு வழியாகக் கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. சில கார்களில், குறிப்பாக ஜப்பானியக் கார்கள் பலவற்றில், டிம்மர் பல்புக்கு முன்னால் இருக்காது, எர்த் பக்கம் இருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு இடத்தில் வேண்டியிருக்கும்.

மீட்டரில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் நாலைந்து உண்டு, எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகாது. பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு இறங்கிப்போய் டெயில் லாம்ப்பும் நம்பர் பிளேட் லைட்டும் எரிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நிறைய கார்களில் மீட்டர் விளக்குக்கும் அவற்றுக்கும் ஒரே ஃப்யூஸ்தான், அவையும் செத்திருந்தால் தேட வேண்டிய இடம் ஃப்யூஸ் பெட்டியும் லைட் சுவிட்சும்தான். அப்புறம் ஏசி குமிழ், ஆஷ்ட்ரே, கியர் லீவர் பக்கம் இருக்கும் குட்டி விளக்குகள். அவை நன்றாக எரிந்து மீட்டர் மட்டும் மங்கினால் கோளாறு மீட்டருக்குள்ளேயோ அதன் கப்ளரிலோ இருக்கிறது. எல்லாமே ஒன்றாக மங்கினால் டிம்மரைச் சந்தேகப்படுங்கள்.

டிம்மரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். ஆட்கள் கடைசியாகப் பார்க்கிற இடம் அது, முதலில் பார்த்திருக்க வேண்டிய இடமும் அதுதான். பழைய வகை டிம்மர் என்பது ஒரு பீங்கான் துண்டின் மேல் சுற்றிய மின்தடைக் கம்பி, அதன் மேல் உரசி நகரும் ஒரு உலோக நாக்கு, அவ்வளவுதான். இருபது வருஷம் ஒரே இடத்தில் நிற்கிற நாக்கின் அடியில் துரு போல ஒரு படலம் சேர்ந்துவிடும். லைட்டைப் போட்டுவிட்டு அந்தச் சக்கரத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இருபது முப்பது தடவை உருட்டுங்கள். நடுவில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான். வெறும் உருட்டலிலேயே படலம் தேய்ந்து, வருஷக்கணக்கில் செத்துக்கிடந்த விளக்கு உயிர் பெற்றதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சில கார்களில் சக்கரத்தை ஒரு ஓரத்துக்கு முழுக்கத் தள்ளினால் மீட்டர் விளக்கு அடியோடு அணைந்துவிடும், வடிவமைப்பே அப்படி. துணியால் டேஷ்போர்டைத் துடைத்தவர் அதை நகர்த்தியிருப்பார், நாம் ஒயரிங்கைக் குடைந்துகொண்டிருப்போம். சிரிக்காதீர்கள், எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனது.

உருட்டியும் சந்தேகம் தீரவில்லை என்றால் டிம்மரைத் தாண்டி ஒரு ஜம்பர் போட்டுப் பார்க்கலாம். இரண்டே ஒயர் உள்ள பழைய வகை என்றால் கப்ளரைப் பிடுங்கி அந்த இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் சேர்த்துவிடுங்கள். விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தால் டிம்மர்தான் குற்றவாளி. மூன்று ஒயர் இருந்தால் அது டிரான்சிஸ்டர் வைத்த எலக்ட்ரானிக் வகையாக இருக்கும், அந்த மூன்றில் ஒன்று எர்த்தாக இருக்கலாம், ஒயரிங் படம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் ஃப்யூஸ் போய்விடும்.

அடுத்தது எர்த். உங்கள் விஷயத்தில் எனக்கு இதன் மேல்தான் அதிகச் சந்தேகம். மீட்டர் விளக்கு எரியும்போது இன்டிகேட்டரைப் போடுங்கள். இன்டிகேட்டர் துடிக்கிற அதே தாளத்தில் மீட்டர் வெளிச்சமும் ஏறி இறங்கினால், மீட்டரின் எர்த் சரியில்லை. தன் வழி அடைபட்டதால் கரண்ட் பக்கத்துப் பல்புகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு எர்த்தைத் தேடிப் போகிறது, அதனால்தான் ஒன்று எரிந்தால் இன்னொன்று ஆடுகிறது. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளோ வெப்ப முள்ளோ காரணமில்லாமல் நகர்ந்தாலும் அதே அர்த்தம். எர்த் ஒயர் டேஷ்போர்டுக்கு அடியில் உலோகச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும். கழற்றி, வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் பளபளப்பாகச் சுரண்டி, இறுக்கிப் போடுங்கள். பெயின்டின் மேல் மாட்டினால் பயனில்லை. பழைய ஜெர்மன் கார் என்றால் எர்த் ஒயர் பழுப்பு நிறம், டிம்மரிலிருந்து வரும் ஒயருக்குப் படத்தில் 58டி என்று எண் இருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்களில் எர்த் கறுப்பு, மீட்டர் விளக்குக்குச் சிவப்பில் வெள்ளைக் கோடு. மற்றவற்றுக்கு அந்தந்த காரின் படத்தைப் பாருங்கள், நிறத்தை ஊகிக்காதீர்கள்.

இங்கே மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது விழும் குழி ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12 வோல்ட் காட்டும். வோல்டேஜ் வருகிறதே, அப்போது பல்புதான் கோளாறு என்று முடிவு செய்துவிடுவோம். ஆனால் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் தடை சுமார் 10 மெகா ஓம், அது இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அதனால் களிம்பு பிடித்து மயிரிழை அளவு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கான்டாக்ட் வழியாகக்கூட அதற்கு முழு 12 வோல்ட் கிடைத்துவிடும். பல்பு போட்டதும் நிஜமான கரண்ட் ஓட முயலும், வோல்டேஜ் அந்தக் களிம்பிலேயே விழுந்துவிடும். எனவே எப்போதும் பல்பு எரியும்போது, அல்லது எரிய முயலும்போது அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை மீட்டர் கப்ளரின் எர்த் ஒயரில், லைட்டைப் போட்டு அளந்தால் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். மல்டிமீட்டர் இல்லையா, 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள், இந்த வேலைக்கு அது மல்டிமீட்டரைவிட நேர்மையானது.

ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறையாது, ஏறக்குறைய வோல்டேஜின் 3.4ஆவது அடுக்குப்படி சரியும். 12 வோல்ட்டில் எரிய வேண்டியதற்கு 11 கிடைத்தால் வெளிச்சத்தில் கால்வாசி காலி. 10 கிடைத்தால் கிட்டத்தட்ட பாதி காலி. உங்கள் வலது பாதி மங்கலாக இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் சரி, மீட்டரைக் கழற்றலாம். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதன் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள், மஞ்சள் ஒயரோ மஞ்சள் கப்ளரோ கண்ணில் பட்டால் அதில் டெஸ்ட் லாம்ப்பும் வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம். பேட்டரியை எடுத்து மாட்டினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும் வகையா என்றும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைத் தாழ்த்த முடிந்தால் முழுக்கத் தாழ்த்தி, அதன் மேல் ஒரு தடித்த துணி. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும், வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம். வயதான பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

மீட்டர் முன்னால் வந்ததும் அவசரப்பட வேண்டாம். பழைய காரில் பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டியிருக்கும், சிலவற்றில் திருகு, சிலவற்றில் அழுத்தினால் விடும் கொக்கி. நான் முதன்முதலில் செய்தபோது கொக்கி எது என்று பார்க்காமல் இழுத்து உடைத்தேன், அப்புறம் கேபிள் அடிக்கடி கழன்று ஸ்பீடோமீட்டர் முள் சும்மா கிடந்தது. கை நுழையாவிட்டால் எஞ்சின் பக்கத்திலிருந்து கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டால் இடம் கிடைக்கும். வெளியே எடுத்த மீட்டரை முகம் குப்புற வெகுநேரம் வைக்காதீர்கள். சில முள் காட்டிகளுக்குள் முள் நடுங்காமல் இருக்க சிலிக்கோன் எண்ணெய் வைத்திருப்பார்கள், அது கசிந்து டயலில் கறை ஆகும். முள்ளை விரலால் நகர்த்திப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

பின்பக்கம் திருப்பினால் அந்தச் செப்புத் தடத் தாள் தெரியும், அதில் கால் திருப்பு திருப்பினால் கழன்று வரும் ஹோல்டர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எது எங்கிருந்து வந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே வாட் இல்லை. ஹோல்டரின் உலோகக் காதுகள் செப்பில் உட்காரும் இடம் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், செப்பு மிக மெல்லியது, நாலு தேய்ப்பில் போய்விடும். காதுகள் படிந்து தட்டையாகியிருந்தால் ஊசியால் லேசாக நிமிர்த்துங்கள். கண்ணாடி அடிப்பகுதியுள்ள பல்பு என்றால் அதன் இரண்டு பக்கமும் மடிந்திருக்கும் கம்பிகளையும் கொஞ்சம் வெளியே தள்ளிவிடுங்கள், உங்கள் தட்டல் வைத்தியம் வேலை செய்ததற்கு அவையும் காரணமாக இருக்கலாம். கப்ளர் உட்காரும் ஓரத்தையும் இப்படியே சுத்தம் செய்யுங்கள், இடது பாதி முழுவதும் போயிருப்பதால் அந்தப் பக்கத்துக்குப் போகும் தடம் கப்ளர் அருகிலேயே எரிந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். டார்ச்சைத் தாளுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தால் விரிசல் கோடாகத் தெரியும்.

விரிசலுக்குச் சால்டரிங் செய்யலாம்தான், ஆனால் கைப்பழக்கம் வேண்டும். சாதாரண சால்டரிங் ஈயம் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், தாள் பாலியஸ்டர் என்பதால் 250, 260 டிகிரியில் அதுவும் உருகும், நம் சால்டரிங் இரும்போ 350இல் இருக்கும். மேல் பூச்சைச் சுரண்டி, செப்பில் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி, ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் விரிசலை ஒட்டிப் போராடுவதில்லை. கப்ளர் முனையின் ஒயரிலிருந்தே ஒரு மெல்லிய ஒயரை எடுத்து நேராக ஹோல்டரின் காதுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள். உங்களுடையது தாள் இல்லாமல் கெட்டியான பச்சைப் போர்டு என்றால் வேலை சுலபம், கப்ளர் கால்களைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போல் விரிசல் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், தெரிந்தால் அங்கே புது ஈயம் வைத்தாலே போதும்.

பல்பைப் பொறுத்தவரை, மீட்டருக்குள் பொதுவாக இரண்டு அளவுதான் வரும், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள டி5, 10 மில்லிமீட்டர் உள்ள டி10. டி5 பெரும்பாலும் 1.2 வாட், டி10 மூன்று அல்லது ஐந்து வாட். கழற்றியதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். மூன்று வாட் இருந்த இடத்தில் ஐந்து வாட் போட்டால் பளிச்சென்று இருக்கும், சில மாதத்தில் ஹோல்டர் இளகும், வண்ண ஃபில்டர் பொரியும், டிம்மர் சூடாகும். கண்ணாடி உள்ளே கறுத்த பல்பு எரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கழற்றியது கழற்றியாயிற்று, பழையதில் ஒன்று இரண்டை விட்டுவைத்தால் அவற்றுக்காக மறுபடி இத்தனையையும் கழற்ற வேண்டியிருக்கும், மொத்தமாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த இருட்டு வெறும் அழுக்காகவும் இருக்கலாம். மீட்டரின் உள்சுவர் வெள்ளையாக இருப்பது அழகுக்கு இல்லை, வெளிச்சத்தைத் திருப்பி விடத்தான். அது பழுப்பேறியிருந்தால் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் ஒரு பூச்சு. முன்பக்க பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு மட்டும் துடையுங்கள். தின்னரோ ஆல்கஹாலோ பட்டால் அக்ரிலிக்கில் நுண்ணிய விரிசல் வலை போலப் பரவும்.

இப்போது எல்இடி. நான் அதற்கு எதிரி இல்லை, சூடு குறைவு, நீண்ட நாள் வரும். ஆனால் அந்த மீட்டரை வடிவமைத்தவர் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடுகிற, மஞ்சள் சாயலுள்ள இழை பல்பை நினைத்து வடிவமைத்தார். எல்இடி பெரும்பாலும் நேராக முன்னால்தான் அடிக்கும், அதனால் ஒரு இடம் கண்ணைக் குத்தும், ஓரங்கள் இருட்டாகவே இருக்கும். நீல ஃபில்டர் வழியாக மஞ்சள் வெளிச்சம் போய்த்தான் அந்தப் பழைய பச்சை வந்தது, அங்கே குளிர்வெள்ளை எல்இடி போட்டால் கண் கூசும் நீலம்தான் வரும். பழைய மின்தடை டிம்மரும் வேலை செய்யாது, ஏனென்றால் எல்இடி இழுக்கும் கரண்ட் அவ்வளவு கொஞ்சம். போட்டே தீருவேன் என்றால் பக்கவாட்டிலும் வெளிச்சம் தருகிற, இளமஞ்சள் வகையாக வாங்குங்கள், எரியவில்லை என்றால் 180 டிகிரி திருப்பிப் போடுங்கள், அதற்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் உண்டு.

ஒரு பல்பை மட்டும் எல்இடியாக மாற்றவே மாற்றாதீர்கள்: பேட்டரி படம் போட்ட சார்ஜ் எச்சரிக்கை விளக்கு. பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கத் தொடங்குவதற்கு வேண்டிய முதல் கரண்ட் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. அங்கே எல்இடி போட்டால் கரண்ட் போதாமல் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது, எச்சரிக்க வேண்டிய விளக்கே கோளாறுக்குக் காரணமாகி, பேட்டரி வழியில் படுத்துவிடும்.

சில கார்களுக்கு நான் மேலே சொன்னதில் பல்பு சம்பந்தப்பட்டது பொருந்தாது. 1960இல் கிரைஸ்லர் கார்களிலும் 1966 டாட்ஜ் சார்ஜரிலும் பல்பே கிடையாது, டயலே ஒளிரும் வகை, அதற்கு நூறு வோல்ட்டுக்கு மேல் மாற்று மின்னோட்டம் தரும் ஒரு பெட்டி தனியாக உண்டு. 1990களில் விலை உயர்ந்த கார்கள் சிலவற்றிலும் குழல் விளக்கு மாதிரி ஒன்றை வைத்து இன்வெர்ட்டரால் எரிய வைத்தார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் மூடி திறந்த நிலையில் லைட்டைப் போட்டு விரலால் துழாவாதீர்கள், ஷாக் அடிக்கும்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. ஏதாவது ஒரு காலத்தில் காருக்கு வேறு ஸ்டீரியோ மாற்றினீர்களா? அதில் வெளிச்சத்துக்கென்று ஒரு ஆரஞ்சு நிற ஒயர் வரும். மாட்டியவர் அதைக் காரின் டிம்மர் ஒயரோடு இணைத்துவிட்டால், டிம்மர் எர்த் பக்கம் இருக்கும் கார்களில் வினோதமெல்லாம் நடக்கும், ரேடியோ வழியாக எர்த் கிடைத்து மீட்டர் குறையாமல் முழு வெளிச்சத்திலேயே நிற்கும், அல்லது பார்க்கிங் லைட் போட்ட உடனே ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃப்யூஸ் போடுவதற்குப் பதில் ஸ்டீரியோவின் பின்னால் அந்த ஒரு ஒயரைப் பிரித்துவிட்டுப் பாருங்கள். அடுத்து சிகரெட் லைட்டரைச் சுற்றியுள்ள குட்டி விளக்கின் ஹோல்டர், அதுவும் அடிக்கடி ஷார்ட் ஆகும்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ போடுவதற்கு முன்னால் கப்ளர்களை மட்டும் செருகி, மீட்டரை டேஷ்போர்டோடு சாய்த்து வைத்து, பேட்டரியை இணைத்துப் பார்க்கிங் லைட், டிம்மர், இரண்டு பக்க இன்டிகேட்டர், ஹை பீம் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். சாவியைத் திருப்பினால் சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எல்லாம் சரி என்றால் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் பின்னால் ஒயர் கட்டை லேசாக அசையுங்கள். வெளிச்சம் ஆடினால் இன்னும் ஒரு லூஸ் பாக்கி இருக்கிறது, ஸ்க்ரூவைக் கையில் எடுக்காதீர்கள்.